தியரி படித்தும் கிட்டார் கைக்கு வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

எந்த ஸ்கேலில் எந்தக் கார்டு வரும் என்று கேட்டால் பட்டென்று சொல்ல வருகிறது. கிட்டாரைக் கையில் எடுத்தால் ஆறு மாதத்துக்கு முன் வாசித்ததேதான் வருகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் இன்னொரு புத்தகம் வாங்குகிறார்கள், இன்னொரு ஆன்லைன் கோர்ஸில் சேர்கிறார்கள். அநேகமாக அது தேவைப்படாது. படித்ததில் ஏதோ ஓரிடம் காதோடோ கையோடோ சேராமல் விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் இருக்கிறது, செலவு வைப்பது கடைசியில். கம்பி எண்ணுவது வழக்கம்போல: தடித்தது 6, மெல்லியது 1.

## கார்டு சரியாகப் பிடித்தும் அபஸ்வரமாகக் கேட்கிறது

மற்ற எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். சுருதி விலகிய கிட்டாரில் தியரி பழகினால் காது தவறான இடைவெளியைச் சரியென்று பழகிக்கொள்ளும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

முதலில் ட்யூனர் ஆப்பில் அடிப்படைச் சுருதி (ஏ சுரம்) 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். விரல் பட்டு 442, 432 என்று மாறிக் கிடப்பது நிறையப் பேருக்கு நடக்கிறது. கம்பியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். சுருதி கூடிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்திய கம்பி, நாலு ஸ்ட்ரம் அடித்ததும் இன்னும் இறங்கிவிடும்.

ஈ மேஜர் இனிமையாக இருக்கிறது, சி மேஜர் கடிக்கிறது. ட்யூனரை வைத்த பிறகு காதால் "இன்னும் கொஞ்சம்" என்று 3ஆம் கம்பியை இறக்கியிருப்பீர்கள். ஈ மேஜரில் அந்தக் கம்பியில் ஒலிப்பது ஜி ஷார்ப், அதாவது கார்டின் மூன்றாம் சுரம். காதுக்கு இயல்பாக இனிக்கும் மூன்றாம் சுரம், கிட்டார் ஃபிரெட் தரும் சுரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (ஒரு ஃபிரெட் தூரம் 100 சென்ட்) கீழே இருக்கிறது. அதற்காகக் கம்பியை இறக்கினால் சி மேஜரில் அதே கம்பி வெறும் ஜியாக ஒலிக்கும்போது குறைந்து நிற்கும். ட்யூனர் சொன்ன இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு ஃபிரெட்டில் பிடிக்கும் கார்டு மட்டும் கடிக்கிறது. கம்பியைத் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். மெதுவாக அழுத்தியும் சுருதி ஏறியே நின்றால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் துண்டு) உயரம் அதிகம். சோதனை: 3ஆம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுதான் இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாக இடைவெளி தெரிந்தால் நட்டை அராவ வேண்டும். அது கடைக்காரர் வேலை. வீட்டு அரத்தால் ஒரு இழுப்பு கூடிப்போனால் புது நட்தான்.

மேலே 12ஆம் ஃபிரெட் பக்கம் போகப்போக விலகுகிறது. கம்பி பழசா? கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். விரலை அடியில் விட்டுத் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிட்டுப் பிறகு சோதியுங்கள். புதுக் கம்பியிலும் அப்படியே என்றால், 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மானிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அடித்து, அதே இடத்தில் அழுத்தியும் அடித்து, இரண்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை நட்டிலிருந்து தள்ளிப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். இறங்கியிருந்தால் முன்னுக்கு. எலக்ட்ரிக்கில் இதற்குத் திருகு இருக்கிறது, நீங்களே செய்யலாம். அக்குஸ்டிக்கில் சேடில் ஒரே துண்டு என்பதால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கழுத்து வளைந்து நடுவில் கம்பி தூக்கி நின்றால் உள்ளே இருந்து அந்த வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடை நீங்கள் தொட வேண்டாம்.

## ஸ்கேல் தெரியும், ஆனால் சோலோ வாசித்தால் பயிற்சி வாசிப்பதுபோல இருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஏ மைனர் பென்டடானிக் (ஐந்து சுர ஸ்கேல்) பெட்டியை 5ஆம் ஃபிரெட்டில் வைத்து ஏறி இறங்குகிறார்கள். ஒரு சுரமும் தவறில்லை, இருந்தாலும் கேட்க ஒன்றுமில்லை.

எளிய காரணம்: மூச்சு விடுவதே இல்லை. நான்கு அடி வாசித்து நான்கு அடி சும்மா இருங்கள். இரண்டு நிமிடம் இப்படிச் செய்தாலே வித்தியாசம் கேட்கும். கேட்டால் இங்கேயே நின்று ஒரு வாரம் இதைப் பழகுங்கள்.

அடுத்த காரணம்: பின்னால் ஓடும் கார்டு மாறுவது விரலுக்குத் தெரியவில்லை. கோளாறு பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று ஒவ்வொரு பாருக்கு (நான்கு அடிக்கு) ஒன்றாகச் சுற்றும் கார்டுகளை ஃபோனில் பதிவு செய்து ஓடவிடுங்கள். அதன்மேல் 2ஆம் கம்பியில் மட்டும், கார்டு மாறும் முதல் அடியில் ஒரே ஒரு சுரம்: 5ஆம் ஃபிரெட், 6, 5, 3. அதாவது ஈ, எஃப், ஈ, டி. நான்கு சுரங்களும் அந்தந்தக் கார்டுக்குள் இருப்பவை. அவ்வளவு குறைவாக வாசித்தும் பாட்டு நகர்வது கேட்கும்.

அடுத்து 3ஆம் கம்பியில் 5, 5, 5, 4. சி சுரம் மூன்று கார்டுக்கும் அசையாமல் நின்று, ஜி வந்ததும் பி-க்கு இறங்குகிறது. கார்டுதான் மாறுகிறது, சுரம் நிற்கிறது, ஆனாலும் அதே சி ஒவ்வொரு கார்டிலும் வேறு நிறத்தில் கேட்கும். இதைக் காதால் உணர்ந்தவருக்குக் கார்டு டோன் (கார்டுக்குள் இருக்கும் சுரம்) என்றால் என்னவென்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. 4ஆம் கம்பியில் 7, 7, 5, 5.

இப்போது மூன்று கம்பிகளையும் சேர்த்துப் பிடியுங்கள், 4, 3, 2 என்ற வரிசையில்:

ஏ மைனர்: 7-5-5
எஃப்: 7-5-6
சி: 5-5-5
ஜி: 5-4-3

கை ஓரிரு ஃபிரெட்டுக்கு மேல் நகரவே இல்லை. கம்பிக்கு ஒன்றாகப் பார்த்த மூன்று வரிகளில் ஏதாவது ஒரு சுரத்தில் கார்டு மாறும் அடியில் இறங்கி, நடுவில் பென்டடானிக்கில் எங்கு வேண்டுமானாலும் சுற்றுங்கள். இறங்கும் இடம் சரியாக இருந்தால் நடுவில் வருவதைக் காது தாராளமாக மன்னிக்கும். பென்டடானிக் பெட்டியில் பி சுரமும் எஃப் சுரமும் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? எஃப் கார்டிலும் ஜி கார்டிலும் சோலோ சப்பென்று இருந்ததற்கு அதுதான் காரணம்.

செலவு வைக்கும் காரணம்: வாசிக்கும் முன் மனதில் சுரம் கேட்கவில்லை. சோதனை: நான்கு சுரம் வாயால் பாடுங்கள், உடனே கிட்டாரில் வாசியுங்கள். பத்துக்கு ஆறு முறையாவது சரியாக வரவில்லையென்றால் காதுப் பயிற்சி வேண்டும். வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடப் போவது, இன்னொரு கிட்டார் கோர்ஸைவிட இதற்கு அதிகம் உதவும்.

## ஃபிரெட்டில் எந்தச் சுரம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது

முழு ஃபிரெட்போர்டையும் படமாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதில் பலன் குறைவு. 6ஆம் கம்பியும் 5ஆம் கம்பியும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 6ஆம் கம்பியில் எஃப் 1, ஜி 3, ஏ 5, பி 7, சி 8, டி 10. 5ஆம் கம்பியில் பி 2, சி 3, டி 5, ஈ 7, எஃப் 8, ஜி 10. பி-சி, ஈ-எஃப் இரண்டும் ஒட்டி உட்கார்ந்தவை, மற்றவற்றுக்கிடையே ஒரு ஃபிரெட் விட்டுத் தள்ளி.

மிச்சம் ஆக்டேவ் கணக்கு, அதாவது அதே சுரம் மேல் ஸ்தாயியில். 6லிருந்து 4க்கும், 5லிருந்து 3க்கும் இரண்டு ஃபிரெட் மேலே. 4லிருந்து 2க்கும், 3லிருந்து 1க்கும் மூன்று. 2ஆம் கம்பியின் ட்யூனிங் வேறு இடைவெளியில் இருப்பதால்தான் அந்த ஒரு ஃபிரெட் கூடுகிறது.

சோதனை: எஃப் சுரத்தை ஆறு கம்பியிலும் கண்டுபிடியுங்கள். 6லிருந்து 1 வரை விடை 1, 8, 3, 10, 6, 1. மெட்ரோனோமை 40இல் வைத்து அடிக்கு ஒன்றாக வந்தால் போதும். தினம் ஒரு சுரம், ஐந்து நிமிடம். இதற்கு ஆசிரியர் தேவையில்லை.

## பாட்டின் ஸ்கேல் பிடிபடவில்லை

எந்த ஃபிரெட்டில் வைத்தாலும் ஒட்டவில்லை, இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருக்கிறது. உங்கள் காதில் குறையில்லை. பழைய பதிவுகள் டேப் வேகத்தால் சுருதி விலகியிருக்கும். இணையத்தில் ஏற்றுகிறவர்களும் சிலசமயம் சுருதியை மாற்றி ஏற்றுகிறார்கள். சுருதி மாற்றும் ஆப்பில் பாட்டைச் சரிசெய்யுங்கள், அல்லது கிட்டாரைப் பாட்டுக்கு ட்யூன் செய்யுங்கள்.

கார்டுகள் சரி, ஆனால் ஜி மேஜரா ஈ மைனரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஏழு சுரமும் ஒன்றே. பல்லவி முடியும் இடத்தில் பாட்டை நிறுத்தி, ஜி அடித்துப் பாருங்கள், ஈ மைனர் அடித்துப் பாருங்கள். எதில் பாட்டு வீட்டுக்கு வந்து உட்கார்கிறதோ அதுதான். பி7 கார்டு தலைகாட்டி ஈ மைனருக்குத் திரும்பிக்கொண்டே இருந்தால் ஈ மைனர் என்று அநேகமாக முடிவே கட்டலாம்.

எல்லாம் பொருந்துகிறது, ஒரு கார்டு மட்டும் குடும்பத்தில் இல்லை. ஜி மேஜர் குடும்பம்: ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர். இதற்குள் ஏ7 வந்தால் அது டி-க்கு வழிவிட வந்தது. சி மைனர் வந்தால் ஜி மைனரிலிருந்து இரவல். எஃப் மேஜரும் அடிக்கடி வரும் விருந்தாளி. ஒரு விருந்தாளிக்காக ஸ்கேலை மாற்றாதீர்கள். அடுத்த எட்டு பாருக்கும் பழைய குடும்பம் திரும்பவில்லையென்றால் மட்டும் ஸ்கேல் மாறியிருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் கார்டு ஷீட்டை நம்பும் முன், பாட்டில் பேஸ் கிட்டார் அடிக்கும் சுரத்தை 6ஆம், 5ஆம் கம்பியில் தேடி ஒப்பிடுங்கள். ஷீட்டில் பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

## பாடுபவர் கட்டை மாற்றச் சொன்னதும் கை நின்றுவிடுகிறது

பாடுபவரின் ஸ எந்தச் சுரத்தில் என்பதைச் சொல்லும் எண்தான் கட்டை. 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டை என்றால் ஒரு ஃபிரெட். ஒரு கட்டை ஏற்றினால் இரண்டு ஃபிரெட். ஆனால் 3லிருந்து 4க்கு ஒரே ஃபிரெட்தான், 7லிருந்து மேல் 1க்கும் அப்படியே. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது.

கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்தும் கிளிப்) வைத்திருப்பவர்களுக்கு: ஜி வடிவங்களில் வாசிக்கும் பாட்டை 6 கட்டைக்குக் கேட்டால் கேப்போ 2, ஆறரைக்கு 3. 4 கட்டை கேட்டால் ஜி வடிவத்தில் கேப்போ 10க்குப் போய்விடும், கிட்டார் பொம்மை மாதிரி ஒலிக்கும். டி வடிவங்களுக்கு மாறி கேப்போ 3 வையுங்கள், அல்லது சி வடிவங்களில் கேப்போ 5. கேப்போவை ஃபிரெட்டை ஒட்டி அதன் பின்னால் வையுங்கள். வைத்ததும் சுருதியை ஒருமுறை பாருங்கள், அழுத்தம் அதிகமான கேப்போ கம்பியை ஏற்றிவிடும்.

வடிவம் மாற்றத் தெரியவில்லை என்றால் கார்டுகளைப் பெயரால் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். எண்ணால் எழுதிப் பழகுங்கள். ஜி, ஈ மைனர், சி, டி என்பது 1, 6, 4, 5. அதே எண்கள் டி-யில் டி, பி மைனர், ஜி, ஏ. சி-யில் சி, ஏ மைனர், எஃப், ஜி. தெரிந்த பத்துப் பாட்டை இப்படி எண்ணில் எழுதி, ஜி, சி, டி, ஏ, ஈ ஐந்திலும் வாசித்துவிட்டால் இந்தக் கோளாறு திரும்ப வராது.

கட்டைக் கணக்கு சரி, ஆனாலும் பாடுபவர் சேரவில்லை. மைனர் பாட்டில் இது அடிக்கடி நடக்கும். ஈ மைனர், சி, ஜி, டி என்று போகும் பாட்டைக் கிட்டார்காரர் "ஜி ஸ்கேல், 5 கட்டை" என்று நினைக்கிறார். பாடுபவருக்கு ஸ இருப்பது ஈ-யில், அவர் கணக்கில் அது 3 கட்டை. அவர் 4 கட்டை கேட்டால் ஒரு ஃபிரெட் ஏற்ற வேண்டும். கிட்டார்காரரோ 5லிருந்து 4க்கு என்று இரண்டு ஃபிரெட் இறக்கி டி மைனரில் நிற்பார். எண்ணை விவாதிக்காமல் "ஸ பாடுங்க" என்று கேட்டு, அந்தச் சுரத்தைக் கம்பியில் தேடிக்கொள்ளுங்கள்.

கீபோர்டோடு சேரவில்லையென்றால் அதை வாசிப்பவரிடம் டிரான்ஸ்போஸ் (சுருதியை மொத்தமாக நகர்த்தும் வசதி) எண்ணைக் கேளுங்கள். அவர் விரல் சி-யில் இருக்கும், ஒலி டி-யாக வரும்.

## கார்டு போட்டதும் ராகம் கலைகிறது

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு வரும் சிக்கல் இது. சங்கராபரணம் மேஜர் ஸ்கேல், நடபைரவி மைனர் ஸ்கேல் என்ற அட்டவணை கையில் இருக்கும். அட்டவணையில் தவறில்லை. கார்டு என்பது மூன்று சுரம் சேர்ந்தது, அந்த மூன்றில் ஒன்று ராகத்தில் இல்லாமல் போனால் காரியம் கெட்டுவிடும்.

ஹிந்தோளத்தை ஈ-யில் ஸ வைத்து எடுத்துக்கொள்வோம். சுரங்கள் ஈ, ஜி, ஏ, சி, டி. ஸ ஈ-யில் இருக்கிறதே, மேலே சாதாரண காந்தாரம் இருக்கிறதே என்று எல்லோரும் முதலில் போடுவது ஈ மைனர். ஈ மைனரில் பி இருக்கிறது. பி என்பது இங்கே பஞ்சமம், ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. ஒரு அடியில் ராகம் போய்விடும். முழுக்க ராகத்துக்குள் அமையும் கார்டுகள் ஏ மைனரும் சி மேஜரும் மட்டும். மூன்றாம் சுரத்துக்குப் பதில் நான்காம் அல்லது இரண்டாம் சுரம் வரும் டி சஸ்4, டி சஸ்2, சி சஸ்2 ஆகியவையும் பொருந்தும். ஏ மைனர் மேல் ராகத்தைப் பாட வைத்துப் பாருங்கள். ஸ கார்டின் அடியில் இல்லாமல் அதன் ஐந்தாம் சுரமாக மேலே உட்கார்ந்திருக்கும்.

கல்யாணி, ஜி-யில் ஸ. மத்யமம் சி ஷார்ப், ஆகவே சி மேஜர் தொடக்கூடாது. ஜி, ஏ இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தால் கல்யாணியின் முகம் தெரியும். ஏ-யை ஏ7 ஆக்கி டி-க்குப் போனால் காது டி-யை ஸ என்று எடுத்துக்கொள்ளும், கல்யாணி டி-யின் சங்கராபரணமாக மாறிவிடும். டி-யைக் கடந்துபோகலாம், அங்கே தங்கக் கூடாது.

கீரவாணி, ஏ-யில் ஸ. ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர், எஃப். நிஷாதம் ஜி ஷார்ப் என்பதால் ஜி மேஜர் கூடாது.

மாயாமாளவகௌளை, ஈ-யில் ஸ. ஈ மேஜர், எஃப் மேஜர், ஏ மைனர்.

வேறு ராகத்துக்கு நீங்களே சோதிக்கலாம்: ராகச் சுரங்களை ஒரு வரியில் எழுதி, போட நினைக்கும் கார்டின் மூன்று சுரமும் அந்த வரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் கலைந்தால் கமகம்தான் காரணம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அதன்மேல் அசையாத மூன்றாம் சுரத்தோடு கார்டு போட்டால் மோதும். அங்கே கார்டை விட்டுவிட்டு ஸ-வும் ப-வும் மட்டும் ஒலிக்கவிடுங்கள். ஜன்ய ராகங்களின் பிடிகள் வரை போக நினைத்தால் கர்நாடக ஆசிரியர் ஒருவரிடம் அந்த ராகத்தில் ஒரு கீர்த்தனையாவது பாடம் செய்யுங்கள்.

## ஸ்ட்ரம் பாட்டோடு உட்காரவில்லை

பாட்டைக் கேட்டுக்கொண்டே "தகதிமி" சொல்லிப் பாருங்கள், பிறகு "தகிட தகிட". எது ஒட்டுகிறதோ அதுதான் கணக்கு. ஆறு கணக்குப் பாட்டுக்கு நான்கு கணக்கு ஸ்ட்ரம் அடிப்பதுதான் பாதிக்கு மேல் காரணம்.

கணக்கு சரியாக இருந்தும் கார்டு மாறும்போது தாமதமானால், வலது கை இடது கைக்காகக் காத்திருக்கிறது. மெட்ரோனோம் 60, இரண்டே கார்டு, வலது கை நிற்கவே கூடாது. நான்காம் அடியின் பின்பாதியில் இடது கை கம்பியை விட்டுவிட வேண்டும். அந்த அரை அடியில் திறந்த கம்பிகள் ஒலிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வேகத்தில் அது காதில் விழாது.

## எப்போது ஆசிரியரிடம் போவது

மேலே சொன்ன சோதனையில் ஒன்றைத் தினம் இருபது நிமிடம் என்று மூன்று வாரம் செய்தும் நகரவில்லையென்றால் போகலாம். முழு கோர்ஸ் கட்டணம் கட்டும் முன் ஒற்றை வகுப்புக் கேளுங்கள். போகும்போது ஃபோனில் இரண்டு நிமிடப் பதிவும், எந்தச் சோதனையில் எங்கே தடுக்கியது என்ற குறிப்பும் எடுத்துப்போங்கள். "தியரி சொல்லிக் கொடுங்க" என்று கேட்டால் சி மேஜரிலிருந்து தொடங்குவார்கள். "எஃப் கார்டு வரும்போது எந்தச் சுரத்தில் இறங்குவதென்று தெரியவில்லை" என்று கேட்டால் அங்கிருந்தே தொடங்குவார்கள்.

டிரினிட்டி போன்ற கிரேடு தேர்வுகளுக்குப் போகிறவர்களுக்குப் பாடத்திட்டம் தெரிந்த ஆசிரியர் தேவை. மேடையில் கூட வாசிப்பதுதான் நோக்கம் என்றால் லைட் மியூசிக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ வாசித்துப் பழகியவரைத் தேடுங்கள், கட்டை மாற்றமும் ஸ்கேல் தேடலும் அவர்களுக்கு அன்றாட வேலை.

இடது கை மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ, இரண்டு நாள் வாசிக்காமல் இருந்து பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் கிட்டார் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.